வரைபடம் முதலில் வீதிக்கு வரட்டும்

புதுச்சேரி புல்வார் பகுதியில் எழும் புதிய கட்டடங்கள் குறித்த கொள்கைப் பிரகடனம்

ஒரு பழைய வீடு இடிந்தால் ஊர் பேசுகிறது. பத்திரிகையில் படம் வருகிறது, நாலு பேர் வருத்தப்படுகிறார்கள், ஒருவர் கவிதைகூட எழுதிவிடுகிறார். அந்த இடத்தில் ஒன்றரை வருடம் கழித்து என்ன எழுகிறது என்பதைப் பற்றி மட்டும் எவரும் வாய் திறப்பதில்லை. பச்சை வலை கட்டி மறைத்திருக்கிறார்கள். வலை அவிழும்போது கிரகப்பிரவேசப் பத்திரிகை கைக்கு வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சொல்ல என்ன இருக்கிறது? போய்ச் சாப்பிட்டுவிட்டு, தாம்பூலப் பையை வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

வடக்கே சர்தார் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடற்கரைச் சாலை. இந்த நாலுக்கும் நடுவே குடியிருப்பவர்களும், கடை வைத்திருப்பவர்களும், கொத்து வேலை செய்பவர்களும், பிரான்சில் இருந்துகொண்டு இங்கே ஒரு பங்கு வீட்டுக்கு வரி கட்டுபவர்களும் கூடி இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். எங்கள் கோரிக்கை ஒன்றுதான். இந்த எல்லைக்குள் எழும் எந்தப் புதுக் கட்டடத்தின் வரைபடமும், அனுமதி முத்திரை விழுவதற்கு முன், அது நிற்கப்போகும் வீதியின் பார்வைக்கு வர வேண்டும். வீதி கேள்வி கேட்க வேண்டும். கேள்விக்கு எழுத்தில் பதில் வர வேண்டும்.

இயக்கத்துக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயர், சின்னம், லெட்டர்பேடு, தலைவர் என்று தொடங்கி அதோடு முடிந்துபோன சங்கங்கள் இந்த ஊரில் ஏராளம்.

புதிதாகக் கட்டுவதற்கு நாங்கள் எதிரிகள் அல்ல. இந்த ஊரே ஒருமுறை புதிதாகக் கட்டியதுதான். 1761-ல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துக் கோட்டையைத் தகர்த்து, வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு ஊர் திரும்பியபோது அங்கே கிடந்தது இடிபாடு. இன்று பழசு என்று நாம் கொண்டாடுவதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது. ஆனால் திரும்பக் கட்டியவர்கள் வீதிக் கோட்டை மாற்றவில்லை. 1693 முதல் 1699 வரை ஊர் டச்சுக்காரர் கையில் இருந்தது. அவர்கள் வரைபடத்தில் காணும் நேர்கோட்டு வீதிகள்தான் இன்றும் நாம் சைக்கிள் ஓட்டும் வீதிகள். சுவர் புதிது, கூரை புதிது, குடியிருந்தவர்கள்கூடப் புதிது. கோடு மட்டும் பழையது. புதுசு கட்டுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பாடம் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை. துய்ப்ளெக்சின் துபாஷாக இருந்த பிள்ளை 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதியவர் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் மாளிகையைப் பாருங்கள்: கீழ்த்தளத்தில் செதுக்கிய மரத்தூண்கள், முற்றம், தாழ்வாரம், மெத்தையில் சுண்ணாம்புப் பூச்சில் வெள்ளைத் தூண்கள். அன்றைக்கு அதுதான் அதிநவீனம். தனக்கு எது ஒத்துவரும் என்று பார்த்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். யாரைப் பார்த்தும் காப்பியடிக்கவில்லை. தமிழர் பகுதியில் பிறகு வந்த எத்தனையோ வீடுகள் இதே போலக் கீழே திண்ணையும் மேலே வளைவு ஜன்னலுமாக எழுந்தன. எனவே, பழைய மாதிரியே கட்டு என்று எவரையும் நாங்கள் கேட்கப்போவதில்லை. கேட்டால் ஆனந்தரங்கப் பிள்ளையே சிரிப்பார்.

பிறகு என்னதான் கேட்கிறோம்?

தமிழர் பகுதியில், இடிபடாமல் மிச்சமிருக்கும் ஏதாவது ஒரு வீதியில் வெயில் நேரத்தில் நடந்து பாருங்கள். தார் ரோடு, அதன் ஓரம் சாக்கடைக் கல், கல்லைத் தாண்டி இரண்டு படி. படி ஏறினால் தாழ்வாரம்: மெலிந்த மரத்தூண்கள், அவற்றின் மேல் சரிந்து இறங்கும் நாட்டு ஓடு. ஓட்டின் விளிம்பு ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிற்கிறது. அதற்கு உட்புறம் திண்ணை, சிவப்புக் காவி போட்டுத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பானது. சுவரோரம் சாய்ந்து உட்காரத் தோதாகச் சில வீடுகளில் சின்ன சாய்மானமும் கட்டியிருப்பார்கள். பிறகுதான் கதவு, ரேழி, முற்றம். ரோட்டில் போகிற தபால்காரரிலிருந்து வீட்டுக்குள் சமையற்கட்டில் இருப்பவர்வரை நடுவே இத்தனை படிகள். மழை வந்தால் முன்பின் தெரியாதவர் தாழ்வாரத்தில் ஒதுங்கலாம், அவரை யாரும் என்ன ஏது என்று கேட்க மாட்டார்கள். இத்தனைக்கும் அந்த நிழல் விழும் இடம் வீட்டுக்காரர் பணம் போட்டுக் கட்டியது.

வீடுகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. பக்கச் சுவர் பொதுச்சுவர். ஓட்டு விளிம்பு ஒரு வீட்டில் அரையடி ஏறும், அடுத்ததில் அரையடி இறங்கும், ஆனாலும் வீதியின் இந்த முனையிலிருந்து பார்த்தால் ஒரே கோடாக ஓடும். மனைகள் அகலம் குறைந்து நீளமாக இருப்பதால் சில தப்படிக்கு ஒரு கதவு வந்துவிடும். கதவுக்குக் கதவு கோலம். இந்த வீதிக்கென்று ஓர் அழகு இருக்கிறது என்றால், அது எந்தத் தனி வீட்டின் அழகும் இல்லை. தனியாக எடுத்துப் பார்த்தால் பாதி வீடுகள் சாதாரணமானவைதான்.

இப்போது இதே வரிசையில் நடுவே மூன்று மனைகளைச் சேர்த்து வாங்கி ஒருவர் நாலு மாடி எழுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். விதிமுறையை மீறவில்லை, லஞ்சம் தரவில்லை, எல்லாம் ஒழுங்கு. கீழ்த்தளம் ஸ்டில்ட், அதாவது கார் நிறுத்த. எனவே தரை மட்டத்தில் கதவில்லை, ஜன்னலில்லை, ஓர் இரும்பு கேட்டும் இருட்டும்தான். கார் ஏற ரோட்டுக்கே வழிந்து வருகிறது ஒரு சிமென்ட் சரிவு. மழைத்தண்ணீர் பக்கத்து வீட்டுப் படிக்குப் போகிறது. முன்னால் பத்தடி விட்டு உள்தள்ளிக் கட்டியிருப்பதால் ஓட்டு விளிம்பின் கோடு அங்கே அறுகிறது. இரண்டு பக்கமும் இதுவரை யார் கண்ணிலும் படாத பொதுச்சுவர்களின் விலாப்பகுதி, பூச்சில்லாமல், வீதிக்குத் தெரிகிறது. எலிவேஷன் முழுக்க ஏ.சி. பெட்டிகள், அவற்றிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். மூன்று கதவு இருந்த இடத்தில் ஒரு கேட், மூன்று கோலம் இருந்த இடத்தில் ஒரு செக்யூரிட்டி நாற்காலி.

இது கண்ணுக்குத் தெரியும் சேதம். தெரியாத சேதம் முற்றத்தில் நடக்கிறது. முற்றம் வானத்துக்குத் திறந்தது. நூறு வருடமாக அங்கே குழந்தையைக் குளிப்பாட்டினார்கள், தலை உலர்த்தினார்கள், வடாம் காயவைத்தார்கள், யாரும் பார்க்கவில்லை, ஏனென்றால் பார்க்கும் உயரத்தில் யாரும் இல்லை. பக்கத்தில் நாலாவது மாடி வந்த அன்றே முற்றம் இன்னொருவர் பால்கனியின் காட்சியாகிவிடுகிறது. வீட்டுப் பெண்கள் முதலில் ஒரு பழைய புடவையைக் கட்டி மறைக்கிறார்கள். அடுத்து தகரக் கூரை போடுகிறார்கள். முற்றம் மூடியதும் காற்று நிற்கிறது, சுண்ணாம்புச் சுவரில் ஓதம் ஏறுகிறது, ஓதத்தை மறைக்கச் சிமென்ட் பூசுகிறார்கள், சிமென்ட் ஈரத்தை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளச் சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. ஐந்தாறு வருடத்தில் அந்த வீட்டுக்காரரும் புரோக்கரைக் கூப்பிடுகிறார். பழைய வீடு தானாக விழுந்தது என்று ஊர் சொல்லும். பக்கத்து வீட்டுப் பிளான் அதைத் தள்ளியது என்று நாங்கள் சொல்கிறோம். அஸ்திவாரத்துக்குப் பொதுச்சுவரை ஒட்டி ஆழமாகத் தோண்டியதில் வாய்பிளந்த சுவர்களின் கதை தனி.

பட்டியல் இருக்கிறதே என்பார்கள். உண்டு. மரபுக் கட்டடங்களைக் கணக்கெடுத்துப் பட்டியலிட்டவர்களின் உழைப்பை நாங்கள் மதிக்கிறோம். 1984 முதல் இன்டாக் அமைப்பு இந்த ஊரில் செய்துவருவது இல்லாவிட்டால் இந்தப் பிரகடனம் எழுதவே எதுவும் மிஞ்சியிருக்காது. ஆனால் பட்டியல் கேட்கும் கேள்வி, இந்த வீட்டை இடிக்கலாமா என்பது. பட்டியலில் இல்லாத வீட்டை, காலி மனையை, தியேட்டர் இருந்த இடத்தை, சைக்கிள் ஸ்டாண்டை அந்தக் கேள்வி தொடுவதில்லை. வீதியின் விதியோ அங்கேதான் தீர்மானமாகிறது.

செய்ய முடியும் என்பதற்கு ஊரிலேயே சான்று உண்டு. கால்வே சுப்பராயச் செட்டி வீதி என்று பலகையில் இருக்கும் வைசியாள் வீதியில், 2000-களின் தொடக்கத்தில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏசியா அர்ப்ஸ் திட்டத்தின் கீழ், இத்தாலியின் உர்பினோவும் பிரான்சின் வில்நெவ்-சூர்-லோவும் கூட்டாளி நகரங்களாகச் சேர, வீட்டு முகப்புகளைச் சீராக்கினார்கள். மறைந்துபோயிருந்த தாழ்வாரங்கள் திரும்ப வந்தன. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் அந்த வீதியும் இடம்பெற்றது. நாங்கள் அங்கே கவனிப்பது விருதை அல்ல. ஒரு வீட்டைத் திருத்தியிருந்தால் அது ஒரு ஓட்டலாகியிருக்கும். வரிசையைத் திருத்தியதால் அது வீதியாக இருக்கிறது.

மேரி கட்டடத்தின் கதை வேறு மாதிரி. 1870-களின் தொடக்கத்தில் கடற்கரையில் எழுந்த அந்த நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் சரிந்தது. உலக வங்கி நிதியில் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள். ஊரே கல்யாணத்தைப் பதிவு செய்துகொண்ட கட்டடம். அதை அச்சாகத் திரும்பக் கட்டியது சரி என்பதே எங்கள் கட்சி. ஆனால் அதைப் பார்த்துவிட்டு, மரபு என்றால் நகல் எடுப்பது என்று ஊர் புரிந்துகொண்டுவிட்டது. விளைவு என்ன? மஞ்சள் பெயின்ட், வெள்ளை பார்டர், அச்சில் வார்த்த பாலஸ்டர், தெர்மாகோல் கனத்தில் ஒட்டிய வளைவு, பின்னால் அதே நாலு மாடிப் பெட்டி. வார இறுதியில் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வருகிறவர்கள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தப் பிரெஞ்சு வேஷத்தைவிட, வேஷம் கட்டாத ஒரு கான்கிரீட் வீடு, வரிசையில் ஒழுங்காக நின்று, வாசலில் உட்கார ஒரு மேடை வைத்திருந்தால், அதுதான் எங்கள் கண்ணுக்கு மரபுக் கட்டடம்.

பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு நியாயம், மேற்கே ஒரு நியாயம் என்பதும் இனிச் செல்லாது. ஒயிட் டவுனில் ஒரு சுவர் இடிந்தால் அமைச்சர் வருகிறார். வாய்க்காலைத் தாண்டி மேற்கே, பெருமாள் கோயில் வீதியிலோ காமாட்சியம்மன் கோயில் வீதியிலோ, தெற்கே முல்லா வீதியிலோ, மிஷன் வீதியில் சம்பா கோயிலைச் சுற்றியோ திண்ணைகள் ஒவ்வொன்றாகக் கடை ஷட்டருக்குள் போவது யார் கணக்கிலும் வருவதில்லை. புதுச்சேரியின் அபூர்வம் பிரெஞ்சு வீடு அல்ல. பிரான்சில் அது நிறையவே உண்டு. திண்ணையும் வளைவு ஜன்னலும் ஒரே சுவரில் சேர்ந்திருக்கும் வீடு வேறெங்கே இருக்கிறது?

சரி, பிற ஊர்கள் என்ன செய்தன? அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரம் 1931-லேயே பழைய பகுதிக்கு எல்லை வகுத்து, அதற்குள் எழும் கட்டடங்களின் தோற்றத்தைப் பார்க்க ஒரு குழுவும் அமைத்தது. மும்பை 1995-ல் மரபு விதிகளைக் கொண்டுவந்து குழு வைத்தது. தமிழ்க் கடைகள் நிறைந்த பினாங்கின் ஜார்ஜ் டவுன் 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த கையோடு, உயரமான ஓட்டல் திட்டங்களை வைத்துக்கொண்டு விழித்தது. 18 மீட்டருக்கு மேல் கூடாது என்ற வரம்பு அங்கே பெரிய வழக்காடலாயிற்று. வரைபடம் முன்கூட்டியே பார்வைக்கு வராவிட்டால் பிற்பாடு என்ன பாடு என்பதற்கு அது உதாரணம்.

பிரான்சின் கதைதான் நமக்கு நெருக்கம். அங்கே 1943 முதல், காக்கப்பட்ட ஒரு நினைவுச் சின்னத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் கட்ட வேண்டுமானால் அதற்கென்று உள்ள அரசுக் கட்டடக் கலைஞரின் ஒப்புதல் வேண்டும். தனிக் கட்டடமாக இல்லாமல் பழைய நகர்ப்பகுதியையே மொத்தமாகக் காக்கும் சட்டம், பண்பாட்டு அமைச்சர் ஆந்த்ரே மால்ரோ பெயரால் அறியப்படுவது, 1962 ஆகஸ்ட் 4-ஆம் தேதி வந்தது. புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது அதே ஆகஸ்ட் 16-ஆம் தேதி. நடுவே பன்னிரண்டு நாள். கட்டடங்களை நமக்கு விட்டுப் போனார்கள், அவற்றைக் காக்கும் சட்டத்தைத் தங்களிடம் வைத்துக்கொண்டார்கள். பரவாயில்லை, நாம் எழுதிக்கொள்வோம்.

எழுதிக்கொள்ளும்போது எல்லாவற்றையும் நிபுணர் கையில் கொடுத்துவிடும் அவர்கள் வழியும் நமக்கு வேண்டாம். சுவிட்சர்லாந்தில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. புதுக் கட்டடம் வரப்போகிற மனையில், அதன் உயரத்துக்கும் மூலைக்கும் கம்பங்கள் நட்டு, இவ்வளவு பெரிதாக வரப்போகிறது என்று ஊருக்குக் காட்டிவிட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அக்கம்பக்கத்தார் ஆட்சேபம் சொல்கிறார்கள். நம் ஊரில் இதற்குச் செலவே இல்லை. சவுக்குக் கம்பும் தேங்காய் நார்க் கயிறும் போதும். திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவர் அரை நாளில் கட்டிக் கொடுத்துவிடுவார். பிளான் படிக்கத் தெரியாத பாட்டிக்கும், தன் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், கயிறு எங்கே ஓடுகிறது என்று தெரிந்துவிடும்.

எனவே நாங்கள் கேட்கும் முறை இது. அனுமதிக்கு விண்ணப்பித்தவுடன் மனையில் ஒரு பலகை வைக்க வேண்டும். அதில் புதுக் கட்டடத்தின் முகப்பு தனியாக இருக்கக் கூடாது. இடப்பக்கம் இரண்டு வீடு, வலப்பக்கம் இரண்டு வீடு சேர்த்து, ஒரே அளவில் வரைந்திருக்க வேண்டும். விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். அடிக்கணக்கில் இருந்தால் இன்னும் நல்லது, மில்லிமீட்டரில் யாரும் வீடு பார்ப்பதில்லை. கூடவே சவுக்குக் கம்பு, கயிறு. பிறகு ஒரு நாள், முன்கூட்டி அறிவித்த இடத்தில், நகர அமைப்புக் குழுமத்தின் அதிகாரி உட்கார, வீதி கூட வேண்டும். இந்த அமர்வுக்கான குழுவில் பொறியாளரும் கட்டடக் கலைஞரும் இருக்கட்டும். அவர்களோடு சுண்ணாம்பு வேலை தெரிந்த ஒரு மேஸ்திரி, அந்த வட்டாரத்தில் குடியிருக்கும் இரண்டு பெண்கள், வாடகைக்குக் குடியிருப்பவர் ஒருவர், வீதியோரக் கடைக்காரர் ஒருவர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். தன் உறவினர் கட்டடம் வந்தால் எழுந்து வெளியே போய்விட வேண்டும்.

குழு என்ன பார்க்கும்? அழகைப் பார்க்காது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எலிவேஷன் நன்றாக இருக்கிறதா, கலர் பிடித்திருக்கிறதா என்று ஏழு பேர் உட்கார்ந்து பேசத் தொடங்கினால் அது பெண் பார்க்கும் படலமாகிவிடும். கட்டடம் வரிசைக் கோட்டில் நிற்கிறதா, அக்கம்பக்கத்து ஓட்டு விளிம்போடும் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரோடும் அதன் முன்பகுதி ஒத்துப்போகிறதா, வீதி மட்டத்தில் கதவும் ஜன்னலும் உண்டா, இல்லை கேட்டும் ஷட்டரும் மட்டும்தானா, அதன் ஜன்னல் யார் முற்றத்தில் விழுகிறது, மனைகளைச் சேர்த்திருந்தால் முகப்பிலாவது பழைய மனை அகலம் தெரிகிறதா, அஸ்திவாரம் தோண்டும்போது பொதுச்சுவருக்கு என்ன முட்டு, மழைத்தண்ணீர் எங்கே போகிறது. இவ்வளவுதான். கான்கிரீட்டா சுண்ணாம்பா, வளைவா சதுரமா என்பது கட்டுபவர் பாடு. உயரம் கூட வேண்டுமென்றால் பின்பக்கம் தள்ளிப் போகட்டும், வீதியில் நிற்பவர் கண்ணுக்குப் படாத இடத்தில். இந்தப் பகுதிக்குள் முன்பக்கம் இடம் விட வேண்டும், கீழே கார் நிறுத்தம் வேண்டும் என்ற பொது விதிகள் எங்கெல்லாம் வரிசையை உடைக்கின்றனவோ அங்கெல்லாம் அவற்றைத் தளர்த்த வேண்டும். காருக்கு புல்வாரின் விளிம்பில் பொது நிறுத்தம் கட்டுங்கள். தாழ்வாரத்தை இடித்துவிட்டுக் கார் நிறுத்துவது, கார் வாங்கியவருக்கே நாளைக்கு நடக்க நிழல் இல்லாமல் செய்யும் வேலை.

அரசுக் கட்டடம், கோயில் கல்யாண மண்டபம், சர்ச் பள்ளிக்கூடம், மசூதி வளாகக் கடை, எவருக்கும் விலக்குக் கிடையாது. சொல்லப்போனால் அரசுதான் முதலில் கம்பு நட வேண்டும்.

நோட்டீஸ் கொடுக்கப் போன வீதியொன்றில் ஒரு அம்மா எங்கள் இளைஞர் ஒருவரைப் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, ஓடு ஒழுகுறப்ப ஒருத்தரும் வரல. வித்துட்டு நிம்மதியா இருக்கலாம்னு நெனைக்கிறப்ப மட்டும் வந்து நிக்கிறீங்களே, இது என்ன நியாயம்?" தம்பியிடம் பதில் இல்லை. எங்களிடம் இருந்தாக வேண்டும்.

ஒரு பழைய வீட்டுக்கு ஐந்து பங்குதாரர். ஒருவர் பாரிஸ் புறநகரில், ஒருவர் ரெயூனியனில், ஒருவர் லாஸ்பேட்டையில் வாடகைக்கு. மீதி இரண்டு பேருக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஓடு மாற்ற ஆளுக்கு ஆயிரம் ரூபாய் கேட்டாலும் ஒருமனதாக வராது. இடித்துக் கட்டினால் ஆளுக்கு ஒரு ஃபிளாட். இந்தக் கணக்கைத் தெரியாதவர் மரபு பற்றிப் பேச வரக்கூடாது. எனவே எங்கள் பிரகடனத்தில் கட்டுப்பாட்டுக்குச் சமமாக உதவியும் இருக்கிறது. வரிசைக்கு ஒத்துக் கட்டுபவருக்கும், தாழ்வாரத்தையும் திண்ணையையும் வைத்துக்கொள்பவருக்கும் வீட்டு வரியில் தள்ளுபடி வேண்டும். அவர் கட்டாமல் விட்ட தளப்பரப்பை நகருக்கு வெளியே கட்டுபவருக்கு விற்கும் உரிமை வேண்டும். ஃபிளாட்டாகப் பிரித்துக்கொள்ள விரும்பும் குடும்பத்துக்கு, வரிசையை உடைக்காமல் முற்றத்தைச் சுற்றி எப்படிப் பிரிக்கலாம் என்று வரைந்து கொடுக்க எங்களில் இருக்கும் பொறியாளர்கள் கட்டணமில்லாமல் உட்காருவார்கள். லிஃப்ட் வேண்டும், வெஸ்டர்ன் கக்கூஸ் வேண்டும், மாடியில் குளிரூட்டி வேண்டும் என்றால், அதெல்லாம் வேண்டியதுதான். முழங்கால் வலியோடு படியேறச் சொல்வது மரபு ஆகாது.

தாமதம் என்று சொல்வார்கள். நியாயமான பயம். வட்டிக்கு வாங்கிக் கட்டுபவருக்கு ஒவ்வொரு மாதமும் காசு. ஆகவே விண்ணப்பித்த முப்பது நாளுக்குள் குழு எழுத்தில் பதில் தராவிட்டால் வீதி சம்மதித்ததாகவே கொள்ள வேண்டும். மறுத்தால் காரணம் எழுத வேண்டும், எதை மாற்றினால் சரி என்றும் எழுத வேண்டும். இஷ்டத்துக்கு இழுத்தடிக்கும் அதிகாரத்தை எங்களுக்கே தராதீர்கள் என்றும் கேட்கிறோம். அதிகாரம் சும்மா கிடந்தால் அதற்கு ஒரு ரேட் வந்துவிடும் என்பது ஊருக்குத் தெரிந்த விஷயம்.

இயக்கத்தில் சேர்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. பில்டரிடமோ ஓட்டல்காரரிடமோ ஒரு டீக்கூட வாங்கக் கூடாது. இடைக்காலத் தடை வாங்கிவிடுவேன் என்று மிரட்டிச் சமரசம் பேசுபவர் அன்றே வெளியே. பக்கத்து வீட்டுத் தகராறை மரபு என்ற பெயரில் கொண்டுவருபவர்களை அடையாளம் காண எங்களுக்குக் கொஞ்ச நாளாகும். ஆனால் கண்டுகொள்வோம்.

ஒரு விஷயத்தில் பூசி மெழுக விருப்பமில்லை. இந்த வீதிகள் சாதி பார்த்துப் பிரித்த வீதிகள். திண்ணையில் எல்லாரும் உட்கார்ந்துவிடவில்லை. சிலர் அந்தப் பக்கமே நடக்க முடியாத காலம் இருந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் குறிப்புகளிலேயே வலங்கை இடங்கைச் சண்டைகள் வருகின்றன. அந்த நாட்களின் பெருமையைப் பாட இந்த இயக்கம் இல்லை. நாங்கள் தக்கவைக்க நினைப்பது ஒரு கட்டட வடிவத்தை. அந்த வடிவத்தில் இனி யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்று ஆக்குவது, புது வீட்டின் வாசலில் எல்லாருக்குமாக ஒரு மேடை கட்டச் சொல்வதன் பொருள்களில் ஒன்று. வீதியின் குழுவில் யார் உட்காருகிறார்கள் என்பதிலும் இது தெரிய வேண்டும். சொந்த வீடு உள்ளவர்கள் மட்டும் கூடிப் பேசும் குழுவாக அது இருந்தால் முதலில் எதிர்ப்பது நாங்களாகத்தான் இருக்கும்.

சட்டம் வரும்வரை காத்திருக்கப் போவதில்லை. நகர அமைப்புக் குழுமத்துக்கும் சட்டமன்ற உறுப்பினர்களுக்கும் மனு போகிறது. அதற்குள் நம் வேலையை நாம் தொடங்கலாம். எந்த வீதியின் கோடு எங்கே ஓடுகிறது, ஓட்டு விளிம்பு எத்தனை அடி, கதவுக்குக் கதவு எவ்வளவு தூரம் என்ற அளவு எவரிடமும் முழுதாக இல்லை. அது இல்லாமல் கூட்டத்தில் போய் நின்றால், வரிசை கெடுகிறது என்று நாம் சொல்வோம், எந்த வரிசை என்று அவர்கள் கேட்பார்கள். ஆகவே வீதி வீதியாக அளக்கிறோம். ஒவ்வொரு வீட்டு முகப்பையும் வரைந்து, வரிசையாக ஒட்டி, வீதிக்கு ஒரு நீளத் தாள். அதன் ஒரு பிரதி அந்த வீதியின் டீக்கடையிலோ ரேஷன் கடையிலோ தொங்கும். புது பிளான் வரும்போது அதன் மேல் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வீதி வைசியாள் வீதி. வரும் ஞாயிறு காலை ஆறரை மணிக்கு மிஷன் வீதி முனையில் கூடுகிறோம். வெயில் ஏறுமுன் ஒரு பக்கத்தை முடித்துவிட வேண்டும். அளவு நாடா, கிராஃப் நோட்டு, ஓட்டு விளிம்பைத் தொட ஒரு நீளக் குச்சி இருந்தால் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர்களிடம் கேட்டுவிட்டுத்தான் படியேற வேண்டும். அன்றைக்குக் கோலத்தை யாரும் மிதிக்கக் கூடாது. எழுதத் தெரிந்த பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், நாடாவின் மறுமுனையைப் பிடிக்க ஆள் குறைவு.